வேலியோர ரோஜாப் பழம்: பாகும் பொடியும்

இங்கிலாந்தின் பல கடைகளில் வைட்டமின் அலமாரியில் ‘ரோஸ்ஹிப் சேர்த்த வைட்டமின் சி’ என்று ஒரு டப்பா இருக்கும். மேலே கொத்துக் கொத்தாகச் சிவப்புப் பழங்களின் படம். திருப்பிப் பார்த்தால் வைட்டமின் சி 500 மில்லிகிராம் அல்லது 1000 மில்லிகிராம், அதற்குக் கீழே ரோஸ்ஹிப் பொடி சில பத்து மில்லிகிராம் என்று இருக்கும். அவ்வளவு பொடியிலிருந்து ஒரு மில்லிகிராம் வைட்டமின் சி கிடைத்தாலே பெரிது. மற்றதெல்லாம் ஆலையில் செய்த அஸ்கார்பிக் அமிலம், அதாவது வைட்டமின் சி-தான். உடம்புக்கு இரண்டும் ஒன்றுதான், அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் படத்தில் இருக்கும் பழம் உண்மையிலேயே என்ன தரும் என்று தெரிந்துகொள்ள அந்த டப்பா உதவாது. அதனால் இந்த இலையுதிர் காலத்தில் பழத்தைப் பறித்து, பாகு காய்ச்சி, பொடி செய்து, முடிந்தவரை அளந்தும் பார்த்தேன்.

ரோஜாப் பூ உதிர்ந்த பிறகு அடியில் பருத்து வரும் காய்தான் ரோஸ்ஹிப். நம் ஊரில் அதை யாரும் கண்டுகொள்வதில்லை. அதற்குக் காரணம் உண்டு. நாம் பூவுக்காக வளர்க்கிறோம், பூவைப் பறித்துவிடுகிறோம். பறித்த பூவில் காய் ஏது? அடுக்கடுக்காக இதழ் வைத்த தோட்டத்து ரோஜாக்கள் பலவும் சரியாகக் காய்ப்பதும் இல்லை. இங்கே வயல்களின் வேலியில் தானாக முளைத்து ஏறும் காட்டு ரோஜாவுக்கு ஐந்தே இதழ். வெளிர் இளஞ்சிவப்பு. ஜூனில் பூத்து, செப்டம்பர் கடைசியில் பழுக்கிறது. தாவரவியல் பெயர் ரோசா கனைனா, ஊரில் டாக் ரோஸ் என்பார்கள்.

என்னைக் கிளப்பிவிட்டது பக்கத்து வீட்டு அம்மா. எண்பதைத் தாண்டியவர், வடக்கே நார்தம்பர்லாந்தில் வளர்ந்தவர். 1950-களில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாரும் பை எடுத்துக்கொண்டு வேலி வேலியாகப் போய் இந்தப் பழத்தைப் பறிப்பார்களாம். பவுண்டுக்கு மூன்று பென்ஸ் காசு, நிறையப் பறித்தவர்களுக்குச் சட்டையில் குத்திக்கொள்ள பேட்ஜ். பழங்கள் நியூகாசிலில் டெல்ரோசா என்ற ரோஸ்ஹிப் பாகு காய்ச்சிய தொழிற்சாலைக்குப் போகும். அதே பாகு பாட்டிலில் வீட்டுக்கு வரும், காலையில் ஒரு கரண்டி. “நீ செய்தால் எனக்கும் ஒரு பாட்டில் வை. முட்டிக்கும் நல்லது என்கிறார்களே, அதையும் பார்” என்றார். பாகு வைட்டமினுக்கு, முட்டி வேறு விஷயம். இரண்டையும் ஒரே பழம் செய்யும் என்று எல்லாரும் பேசுகிறார்கள். அது எவ்வளவு தூரம் சரி என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது.

பாகின் கதை போரில் தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் கப்பல்களைத் தாக்கியபோது ஆரஞ்சு, எலுமிச்சை வரத்து சுருங்கிப்போனது. குழந்தைகளுக்கு வைட்டமின் சி எங்கிருந்து கொடுப்பது என்று பிரிட்டிஷ் அரசு தேடியது. கியூ தாவரவியல் தோட்டத்தைச் சேர்ந்த ரொனால்ட் மெல்வில்லும், ஊட்டச்சத்து அறிவியலாளர் மேக்னஸ் பைக்கும் நாடு முழுக்க ரோஸ்ஹிப்பை ஆய்ந்தார்கள். வடக்கே போகப் போகப் பழத்தில் வைட்டமின் சி கூடுகிறது என்று கண்டார்கள். 1941 முதல் பெண்கள் அமைப்புகளும் சாரணர்களும் பள்ளிப் பிள்ளைகளும் இறங்கி ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான டன் பறித்துக் கொடுத்தார்கள். உணவு அமைச்சகம் வீட்டில் காய்ச்சுவதற்கும் ஒரு செய்முறை வெளியிட்டது. நான் பின்பற்றியது அதைத்தான். எண்பது ஆண்டுக்கு முந்தையது என்றாலும் அதில் ஒவ்வொரு படிக்கும் ஒரு காரணம் இருக்கிறது. செய்து பார்க்கும்போதுதான் அது புரிகிறது.

பறிக்கப் போனது கென்ட் பக்கம், ஒட்ஃபர்ட் ஊரை ஒட்டிய நார்த் டவுன்ஸ் சுண்ணாம்புக் குன்றுகளுக்கு. பொதுப் பாதையின் இருபுறமும் வேலிப் புதர். தானாக வளர்ந்த செடியின் பழத்தை, விற்காமல் சொந்த உபயோகத்துக்குப் பறித்தால் 1968-ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டப்படி அது திருட்டு ஆகாது. ஆனாலும் வீட்டுத் தோட்டங்களை ஒட்டி நான் கை வைக்கவில்லை. மருந்து தெளிக்கும் வயல் ஓரத்தையும் வண்டிகள் ஓடும் சாலை ஓரத்தையும் விட்டுவிட்டேன்.

அடையாளம் தெரியாமல் இறங்கக் கூடாது. ரோஸ்ஹிப் நீள்வட்டம், ஆரஞ்சு கலந்த சிவப்பு, பளபளப்பு. செடியில் வளைந்த முள் இருக்கும். பழத்தைப் பிளந்தால் உள்ளே நிறைய கெட்டி விதைகளும் அவற்றைச் சுற்றி வெள்ளைச் சுணையும். இந்தச் சுணைதான் நிச்சயமான அடையாளம். அதே வேலியில் ஹாத்தார்ன் என்ற முள்மரத்தின் பழமும் சிவப்பாகத் தொங்கும், சிறியது, பெரும்பாலும் ஒரே கொட்டை, ஆபத்தில்லை. பயப்பட வேண்டியது பிளாக் பிரையனி கொடிக்கு. முள் இல்லாத கொடி, சரம் சரமாகச் சிவப்புப் பழம், நல்ல விஷம். அது ரோஜாப் புதரின் மேலேயே ஏறிப் படர்ந்திருக்கும். அவசரத்தில் கொத்தாக உருவினால் இரண்டும் சேர்ந்தே பைக்குள் வந்துவிடும். அதனால் பழத்தை ஒவ்வொன்றாகத்தான் பறிக்க வேண்டும். தடித்த கையுறை, முழுக்கைச் சட்டை இல்லாமல் போகாதீர்கள்.

உறைபனி விழுந்த பிறகு பறிப்பதுதான் நல்லது என்று பழைய வழக்கம் ஒன்று சொல்கிறது. பனியில் பழம் குழைந்து இனிப்பு கூடும் என்பது உண்மை. ஆனால் வைட்டமின் வேண்டும் என்றால் நன்றாகச் சிவந்து இன்னும் கெட்டியாக இருக்கும்போதே பறிப்பது மேல். பழம் குழையக் குழைய வைட்டமின் குறையும். நான் கெட்டியாகவே பறித்து வந்து, கழுவித் துடைத்து, காம்பையும் நுனியில் ஒட்டியிருந்த காய்ந்த துணுக்கையும் கிள்ளிவிட்டு, பாதியை ஃப்ரீசரில் வைத்தேன். மீதிப் பாதி உலர்த்துவதற்கு.

பாகுக்கு 450 கிராம் பழம். அமைச்சகத்தின் அளவு 900 கிராமுக்கு, நான் எல்லாவற்றையும் பாதியாக்கிக்கொண்டேன். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பாத்திரத்தில் 850 மில்லி தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். செம்பும் இரும்பும் ஆகாது, அந்த உலோகங்கள் பட்டால் வைட்டமின் சி வேகமாகச் சிதையும். அடுத்ததுதான் மொத்தச் செய்முறையிலும் முக்கியமான இடம். பழத்தை அரைத்து வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கக் கூடாது. அரைத்ததும் அப்படியே கொதிக்கும் தண்ணீரில் போட வேண்டும். பழத்துக்குள்ளேயே அஸ்கார்பிக் அமிலத்தை அழிக்கும் நொதி ஒன்று இருக்கிறது. பழம் முழுசாக இருக்கும்வரை அதற்கு வேலை இல்லை. நசுங்கிக் காற்றுப் பட்டதும் வேலையைத் தொடங்கிவிடும். கொதிநீரில் விழுந்தால் அந்த நொதி செத்துப்போகும். உறைந்த பழத்தை உருக விடாமல் மிக்ஸியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, விட்டுவிட்டு ஓட்டி, கொரகொரப்பாக வந்ததும் அந்தக் கணமே பாத்திரத்தில் கொட்டினேன். நைசாக அரைத்தால் விதை உடைந்து கசக்கும், சுணையும் தூளாகி வடிகட்டுவது கஷ்டமாகிவிடும்.

எல்லாம் போட்டு மறுபடி ஒரு கொதி வந்ததும் அடுப்பை அணைத்து 15 நிமிடம் மூடி வைக்க வேண்டும். பிறகு நல்ல நெருக்கமான துணியில் வடிக்க வேண்டும். வடித்த சக்கையைப் பாத்திரத்தில் போட்டு 425 மில்லி கொதிநீர் ஊற்றி, கிளறி, 10 நிமிடம் கழித்து இரண்டாம் முறை வடிக்க வேண்டும். முதலில் சொட்டும் அரை டம்ளர் சாற்றில் சுணை இருக்கும், அதைத் திரும்பத் துணிக்குள்ளேயே ஊற்றிவிடச் சொல்கிறது அமைச்சகம். துணியில் படிந்த சக்கையே இப்போது வடிகட்டி மாதிரி வேலை செய்யும். நான் அதோடு நிறுத்தாமல் மொத்தச் சாற்றையும் புதுத் துணி ஒன்றை இரண்டாக மடித்து இன்னொரு முறை வடித்தேன். துணியைப் பிழியவே கூடாது, பிழிந்தால் சுணை இறங்கிவிடும். இது ஏன் இவ்வளவு வலியுறுத்த வேண்டியது என்றால், இந்தச் சுணையைத்தான் இங்கத்துப் பிள்ளைகள் அரிப்புத் தூளாகச் சட்டைக் காலருக்குள் போட்டு விளையாடினார்கள். தோலிலேயே அப்படி என்றால் தொண்டைக்கும் குடலுக்கும் சொல்ல வேண்டியதில்லை.

இதுவரை கிடைத்தது ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் மேலான சாறு. நல்ல செந்நிறம், புளிப்பு, பழுத்த தக்காளியும் ஆப்பிள் தோலும் சேர்ந்த மாதிரி ஒரு மணம். அதை 425 மில்லியாகச் சுண்டவைத்து, 280 கிராம் சர்க்கரை போட்டு, இன்னும் 5 நிமிடம் கொதிக்கவிட்டு, வெந்நீரில் காய்ச்சிய சின்னப் பாட்டில்களில் சூடாகவே ஊற்றி மூடினேன். சுமார் 600 மில்லி பாகு வந்தது. சின்னப் பாட்டில் என்பதற்கும் காரணம் உண்டு, திறந்த பிறகு இது ஓரிரு வாரத்துக்கு மேல் தாங்காது. வெளிச்சம் படாத இடத்தில் வைக்க வேண்டும்.

சுண்டவைக்கும்போது வைட்டமின் எவ்வளவு போகிறது என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. பள்ளிக்கூட வேதியியலே இதற்குப் போதும். அயோடின் வைட்டமின் சி-யோடு சேர்ந்தால் நிறம் இழக்கும். வைட்டமின் தீர்ந்ததும் மிச்ச அயோடின் மாவுக்கஞ்சியைக் கருநீலமாக்கும். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றைப் பொடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து அதை அளவுகோலாக வைத்துக்கொண்டேன். அதில் 20 மில்லி, ஒரு கரண்டி நீர்த்த கார்ன்ஃப்ளார் கஞ்சி, அதன் மேல் நீர்த்த லுகால்ஸ் அயோடின் கரைசலை ஊசியில்லாத சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக விட்டு, கலக்கியும் நீலம் மறையாத இடத்தில் அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு ரோஸ்ஹிப் சாற்றுக்கும் அப்படியே. சாற்றின் சிவப்பு கண்ணை ஏமாற்றும் என்பதால் அதை நன்றாக நீர்க்கவிட்டு, வெள்ளைக் கிண்ணத்தில் செய்வது நல்லது. பழத்தில் இருக்கும் வேறு சில பொருள்களும் அயோடினைத் தின்னும். ஆகையால் வரும் எண் கொஞ்சம் தாராளமானது. ஆனால் முன்னும் பின்னும் ஒப்பிட இது போதும்.

வடித்த சாறு மாத்திரைக் கரைசலைவிட நன்றாகவே அதிகமாக அயோடினைக் குடித்தது. சுண்டிய சாற்றில், கனஅளவு குறைந்த கணக்குப்படி, அது இரண்டரை மடங்குக்கும் மேல் ஆகியிருக்க வேண்டும். வந்ததோ இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. அதாவது சுண்டவைத்ததில் ஏறத்தாழ கால் பங்கு போயிருக்கிறது. முழுவதும் போய்விடும் என்று பயந்தவர்களுக்கு இது நல்ல செய்திதான். புளிப்பு வைட்டமின் சி-யைக் காக்கும். அகலமான பாத்திரத்தில் சீக்கிரமாகச் சுண்டவைத்தால் இழப்பு இன்னும் குறையும் என்று தோன்றுகிறது.

சர்க்கரையும் சேர்ந்த பிறகு என் கணக்கில் 10 மில்லி கரண்டிக்குப் பத்துப் பதினொரு மில்லிகிராம் வைட்டமின் சி. பிரிட்டனில் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குச் சொல்லும் அளவு 40 மில்லிகிராம். ஆக ஒரு கரண்டி என்பது கால் நாள் தேவை. ஆரஞ்சே வராத காலத்தில் ஒரு குழந்தைக்கு ஸ்கர்வி என்ற வைட்டமின் சி குறைபாட்டு நோய் வராமல் காக்க இது பெரிய விஷயம். அந்த வருடங்களில் இந்தப் பாகு செய்த வேலையை நான் மிகுந்த மரியாதையோடுதான் பார்க்கிறேன். ஆனால் அதே கரண்டியில் ஐந்து கிராமுக்குக் கொஞ்சம் குறைவாகச் சர்க்கரையும் இருக்கிறது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது மருந்து இல்லை. குழந்தைகளின் சூப்பானில் இந்த மாதிரிப் பாகைத் தொட்டுக் கொடுக்கும் பழக்கம் பால்பற்களைச் சொத்தையாக்குகிறது என்று பிற்காலத்தில் பல் மருத்துவர்கள் எச்சரித்ததும் இதனால்தான். கொய்யாவும் நெல்லியும் தெருவில் கிடைக்கும் ஊரில் இருப்பவர்கள் வைட்டமினுக்காக ரோஸ்ஹிப் பாகை விலை கொடுத்து வரவழைக்க வேண்டிய அவசியமே இல்லை.

அடுத்து முட்டி. டென்மார்க்கின் லாங்கலாண்ட் தீவிலிருந்து வந்த ஒரு ரோஸ்ஹிப் பொடிதான் இந்தப் பேச்சுக்கெல்லாம் ஆரம்பம். மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராம் கொடுத்துச் சோதனைகள் நடந்தன. 2003-ல் அந்தப் பழத்திலிருந்து கோபோ என்று சுருக்கமாகச் சொல்லும் ஒரு கேலக்டோலிப்பிட் பொருளைப் பிரித்தெடுத்து, வீக்கத்தோடு தொடர்புள்ள வெள்ளணுக்களின் நகர்வை ஆய்வுக்கூடத்தில் அது தடுப்பதாகக் காட்டினார்கள். 2008-ல் மூன்று சோதனைகளை, மொத்தம் 287 பேரை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஆய்வில் வலி குறைந்தது தெரிந்தது. ஆனால் குறைவு சிறியதுதான். சோதனைகள் சில மாதங்கள் மட்டுமே நடந்தவை, தயாரிப்பாளரின் ஆதரவும் பின்னால் இருந்தது. நம்பிக்கை வைக்க இடம் இருக்கிறது, முட்டி சரியாகிவிடும் என்று சத்தியம் செய்ய இடம் இல்லை.

இதில் எல்லாரும் தாண்டிப் போகும் விஷயம் ஒன்று உண்டு. அந்தப் பொடி விதையோடும் தோலோடும் குறைந்த சூட்டில் உலர்த்தி அரைத்தது. கோபோ கொழுப்பைச் சேர்ந்த பொருள். நாமோ பாகு காய்ச்சும்போது விதையையும் தோலையும் துணியிலேயே விட்டுவிட்டு, தண்ணீரில் கரைந்ததை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். ஆக, முட்டிக்காகப் பாகு குடிப்பதில் அர்த்தமில்லை. பக்கத்து வீட்டு அம்மாவிடம் இதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

பொடி செய்ய, மீதிப் பழத்தை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தேன். விதையும் சுணையும் சேர்ந்தே சுரண்டி எடுக்க வேண்டும் என்பார்கள். சின்னக் காட்டுப் பழத்தில் அது பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஒவ்வொரு பழத்திலும் தோல் மெல்லிசு, உள்ளே நிறைய விதை. கடற்கரையோரம் வளரும் ரூகோசா வகையாக இருந்தால் பழம் சின்னத் தக்காளி அளவு இருக்கும், தோலும் தடிப்பு, வேலை சுலபம். காட்டுப் பழத்துக்கு எளிய வழி இருக்கிறது. பிளந்ததை அப்படியே தட்டில் பரப்பி, 40 டிகிரி சூட்டில் டிஹைட்ரேட்டர் என்ற உலர்த்தும் கருவியில் முக்கால் பங்கு காயவிட வேண்டும். ஒட்டும் தன்மை போனதும் எடுத்துக் கொரகொரப்பாக ஒரு சுற்று ஓட்டி, மறுபடி காயவிட வேண்டும். நன்றாக மொறுமொறுப்பானதும் இரும்புக் கம்பிச் சல்லடையில் போட்டுச் சலித்தால் சுணையெல்லாம் கீழே இறங்கிவிடும். மூக்கையும் வாயையும் முகக்கவசத்தால் மூடிக்கொண்டு, திறந்த வெளியில், காற்றுக்கு முதுகு காட்டிச் சலிக்க வேண்டும். கீழே விழுந்த தூளைக் கையால் தொடாமல் குப்பையில் போட்டேன்.

சல்லடையில் தங்கிய தோல் துண்டுகளும் விதைகளும் மிளகாய் வற்றல் மாதிரி ஆழ்ந்த சிவப்பில் இருந்தன. விதையைப் பொறுக்கி எடுத்துவிட்டுத் தோலை மட்டும் வைத்துக்கொண்டேன். விதையோடு அரைத்தால் டென்மார்க் பொடி மாதிரி ஆகிவிடாதா என்று கேட்கலாம். ஆகாது. அவர்கள் குறிப்பிட்ட வகைச் செடியைப் பயிரிட்டு, கோபோ அளவைச் சோதித்து விற்கிறார்கள். என் வீட்டில் அதை அளக்க வழியில்லை. விதையில் ஒட்டிய சுணை முழுவதும் போனது என்று என்னால் உறுதி சொல்லவும் முடியாது. மூட்டுக்காகச் சாப்பிட விரும்புகிறவர்கள் சோதனையில் பயன்பட்ட அந்த மாதிரித் தரப்படுத்திய பொடியை வாங்கி, தங்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டு, மூன்று மாதம் பார்ப்பதுதான் சரி. வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள், சிறுநீரகக் கல் வந்தவர்கள், உடம்பில் இரும்பு தேங்கும் நோய் உள்ளவர்கள் கேட்காமல் தொடங்கவே கூடாது. வைட்டமின் சி இரும்பை உடம்பு ஈர்ப்பதைக் கூட்டும். பக்கத்து வீட்டு அம்மா ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர். மருத்துவரிடம் பேசும்வரை பொடி வேண்டாம் என்று நானும் சொன்னேன், அவரும் ஒத்துக்கொண்டார். பாகு ஒரு பாட்டிலும் மருத்துவரின் சம்மதம் கேட்ட பிறகே என்று எடுத்து வைத்திருக்கிறேன்.

உலர்ந்த தோலுக்கு நல்ல உபயோகம் ஸ்வீடன்காரர்களிடம் இருக்கிறது. நீப்பொன்சொப்பா என்று ரோஸ்ஹிப்பில் ஒரு சூப் வைப்பார்கள். சாப்பாட்டுக்குப் பின்னும் சாப்பிடுவார்கள், காலையிலும் குடிப்பார்கள், கடையில் பாக்கெட்டாகவும் கிடைக்கும். இரண்டு கைப்பிடி தோலை ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, காலையில் மெதுவாக இருபது நிமிடம் வேகவிட்டு, மசித்து, நெருக்கமான துணியில் வடிக்க வேண்டும். கொஞ்சம் சர்க்கரை, குளிர்ந்த நீரில் கரைத்த உருளைக்கிழங்கு மாவு ஒரு பெரிய கரண்டி, ஒரு கொதி. கெட்டியாகிக் கண்ணாடி மாதிரி பளபளக்கும்போது இறக்கிவிட வேண்டும். அவர்கள் மேலே க்ரீமும் குட்டி குட்டியான பாதாம் பிஸ்கட்டும் போடுவார்கள். நான் உருளை மாவைக் குறைத்துத் தண்ணியாகவே வைத்தேன், சூடாகக் குடிக்க அதுதான் எனக்குப் பிடித்தது. சர்க்கரையையும் பாகுக்குப் போட்டதில் சின்னப் பங்குதான் போட்டேன். புளிப்பு தூக்கலாக இருந்தது. ஃப்ரீசரில் இன்னும் ஒரு பை பழம் இருக்கிறது, அதில் பாகு வேண்டாம், சூப்பே போதும் என்று முடிவு செய்திருக்கிறேன்.